சிவந்த தெருக்கள்

2015 டிசம்பர் 1. சென்னையை அடுத்த தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், எதில் ஆளை மூழ்கடிக்கும் வெள்ளம்? சென்னையில் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை.

தன்னார்வலர்கள் சிலர் ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற திறந்தநிலை வரைபடத்தைக் கையில் எடுத்தார்கள். தண்ணீர் தேங்கிய தெருவை மக்களே தொட்டுக் காட்டினால் போதும், அது சிவப்பாக மாறிவிடும். ஆயிரத்துக்கும் அதிகமான தெருக்கள் அப்படிச் சிவந்தன! தாழ்வான பகுதி, சாலை, வெள்ளம் என்று அடுக்கடுக்காக ஒரே படத்தில் காட்டுவதுதான், இந்த வரைபடத்துக்குப் பின்னால் இருக்கும் புவியியல் தகவல் அமைப்பு என்ற தொழில்நுட்பத்தின் பலம்.

இன்று தமிழக அரசின் ‘டிஎன் அலர்ட்’ செயலி, இருக்கும் இடத்துக்கேற்ற வானிலை எச்சரிக்கையைத் தமிழிலேயே தருகிறது. நேயர்களே, மழைக்காலத்துக்கு முன்பே அதைக் கைபேசியில் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.