சுழற்பொறி

மின்சாரத்தால் ஓடும் கார் புகையைக் கக்குவதில்லை, பேரோசையும் எழுப்புவதில்லை. எனினும், அதற்கும் ஒரு குறை உண்டு. மின்கலங்களில் சேமித்த மின்சாரம் தீர்ந்துவிட்டால் வண்டி வழியிலேயே நின்றுவிடும். மின்கலங்களைப் பெருக்கினாலோ வண்டியின் எடையும் விலையும் ஏறும். இக்குறையைத் தீர்க்கக் கண்ட வழிகளுள் ஒன்று, வண்டியிலேயே சிறு பெட்ரோல் பொறியொன்றை வைத்து, வேண்டும்பொழுது மட்டும் மின்சாரம் உண்டாக்கிக் கொள்வதாகும். அப்பொறி சக்கரங்களைச் சுழற்றாது. மின்னாக்கியை மட்டுமே சுழற்றும். இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொறிகளுள், பயனற்றதென்று பலர் ஒதுக்கிய சுழற்பொறியும் ஒன்று.

வழக்கமான பெட்ரோல் பொறியில் பிஸ்டன் என்னும் உறுப்பு உருளைக்குள் முன்னும் பின்னுமாக இயங்கும். ஒவ்வொரு முறையும் அது நின்று திரும்புவதால் பொறி அதிரும். ஜெர்மனியில் 1902ஆம் ஆண்டில் பிறந்த பெலிக்ஸ் வாங்கெல் என்பார், சுழற்சியாலேயே இயங்கும் பொறியை அமைக்க விரும்பினார். அவர் கருத்தின்படி அமைந்த பொறி, என்.எஸ்.யு. என்னும் நிறுவனத்தில் 1957ஆம் ஆண்டில் முதன்முதலாக இயங்கியது.

அதன் அமைப்பு வியப்பிற்குரியது. நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுழல்கின்றது. அதன் மூன்று முனைகளும் எப்பொழுதும் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே செல்லும். ஆகவே, சுவருக்கும் சுழலிக்கும் இடையே மூன்று இடைவெளிகள் உண்டாகின்றன. சுழலி சுழலச் சுழல, அவை மாறி மாறி விரிந்து சுருங்கும். விரியும்பொழுது எரிபொருளும் காற்றும் உள்ளே வரும். சுருங்கும்பொழுது அவை அழுத்தப்படும். பின்னர் எரிந்து சுழலியைத் தள்ளும். இறுதியில் புகையாய் வெளியேறும். சுழலி ஒரு முறை சுற்றினால் நடுத்தண்டு மூன்று முறை சுற்றும். உறுப்புகள் சில, அதிர்வு குறைவு, உருவமும் சிறிது.

ஆயினும், குறைகளும் வெளிப்பட்டன. சுவரை உராயும் முனைகளில் பொருத்திய அடைப்புகள் விரைவில் தேய்ந்தன. ஜப்பானில் மாஸ்டா கார்களைச் செய்த நிறுவனத்தில், கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பொறியியலார் இக்குறையை ஆராய்ந்தனர். சுவரில் விழுந்த வடுக்களைப் ‘பேயின் நகக்கீறல்’ என்றே அவர்கள் அழைத்தனர். கரியோடு அலுமினியம் சேர்த்த அடைப்பைக் கண்டு, 1967ஆம் ஆண்டில் காஸ்மோ என்னும் காரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1991ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெமான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் சுழற்பொறிக் கார் ஒன்று வெற்றியும் பெற்றது. ஆனால், எரியும் இடம் நீண்டு மெலிந்திருப்பதால் வெப்பம் வீணாயிற்று. எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறிற்று. பெட்ரோல் செலவும் புகையும் மிகுந்தன. 2012ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனமும் அத்தகைய கார்களைச் செய்வதை நிறுத்தியது.

எனினும், மின்சாரக் காரில் பொறிக்குரிய பணியே வேறு. அங்கே பொறியின் வேகத்திற்கும் சக்கரத்தின் வேகத்திற்கும் தொடர்பில்லை. தனக்கேற்ற வேகத்தில் அது சீராக ஓடலாம். பல நாட்கள் ஓடாமலும் இருக்கலாம். சிற்றுருவமும் அதிர்வின்மையுமே அங்கு வேண்டும் பண்புகள். 2010ஆம் ஆண்டில் ஆடி நிறுவனம், 254 கன சென்டிமீட்டர் அளவுள்ள சுழற்பொறியைச் சிறிய மின்சாரக் காரில் பொருத்திக் காட்டியது. 2023ஆம் ஆண்டில் மாஸ்டா, 830 கன சென்டிமீட்டர் பொறியை எம்.எக்ஸ்.-30 காரில் அமைத்தது. அக்கார் மின்கலத்தால் மட்டும் சுமார் 85 கிலோமீட்டர் ஓடும். அதற்கு மேல் சுழற்பொறி துணைக்கு வரும்.

பெட்ரோலை எரிக்கும்வரை புகை எழுவது உறுதி. ஆகவே, இது முழுத் தீர்வு ஆகாது. ஆயினும், ஒரு பணிக்குப் பொருந்தாத கருவி மற்றொரு பணிக்குப் பெரிதும் பொருந்தக்கூடும் என்பதைச் சுழற்பொறியின் வரலாறு உணர்த்துகின்றது. குறையை மட்டும் கண்டு ஒதுக்காமல், பண்பறிந்து பயன்கொள்ளுதலே அறிவுடைமையாகும்.