தாளம் போட்டது தொலைக்காட்சி

நின்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம், பிறகு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் என்இஎஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பெட்டியின் தோற்றம்தான் மாறியது, உள்ளே இருப்பது ஒன்றே என்றுதான் வாங்கிய எவருக்கும் தோன்றும். ஆனால் ஒரே விளையாட்டை டோக்கியோவிலும் லண்டனிலும் ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் புரியும். திருத்தம் எதுவும் செய்யாமல் ஐரோப்பாவுக்கு அனுப்பிய விளையாட்டில் பின்னணி இசையின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கிவிடும். வேறு சில விளையாட்டுகளில் ஜப்பானில் ஒலித்த குரல்கள் சிலவே கடல் தாண்டியதும் காணாமல் போயின. இதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்வார்கள். அந்தந்த நாட்டு ரசனைக்கு ஏற்ப மாற்றினார்கள் என்பது ஒன்று. ஏற்றுமதி அவசரத்தில் செய்த அரைகுறை வேலை என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் வேர் அங்கே இல்லை. அந்தக் காலக் கருவிகளில் இசைக்கென்று சொந்த நேரம் கிடையாது. தன் தாளத்தையும் சுருதியையும் அது தொலைக்காட்சியிடம் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர் மாறியதும் பாட்டும் மாறியது.

கார்ட்ரிட்ஜுக்குள் பாட்டு எந்த வடிவத்தில் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதில் ஒலிப்பதிவு இல்லை. ஒரு நிமிடப் பாட்டைப் பதிவாகவே வைப்பதற்கு அன்றைய நினைவகச் சிப்புகளில் இடம் போதாது. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், படமும் இசையும் விளையாட்டு நிரலும் சேர்ந்தே 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. ஒலியை உண்டாக்கியது ரிக்கோ நிறுவனம் தயாரித்த செயலி. அதில் ஐந்து குரல்கள்: இரண்டு துடிப்பு அலைகள், ஒரு முக்கோண அலை, பறையொலிக்கு உதவும் ஓர் இரைச்சல், மிகச் சிறிய பதிவுத் துணுக்குகளை ஒலிக்கும் ஒரு தடம். கோஜி கொண்டோ போன்ற இசையமைப்பாளர்களின் இசை கார்ட்ரிட்ஜில் வெறும் எண்களாகவே இருந்தது: எந்தக் குரல், எந்தச் சுரம், எத்தனை நேரம். கர்நாடக சங்கீதப் புத்தகங்களில் அச்சாகும் சுரக்குறிப்பைப் போன்றது அது. சுரங்களின் வரிசையைக் குறிப்பு சொல்லும். எத்தனை கட்டைச் சுருதி, எந்தக் காலப்பிரமாணம் என்பதெல்லாம் பாடுபவர் கையில். இங்கே பாடுவது சிப். அதற்கு மனோதர்மம் கிடையாது. தனக்குள் ஓடும் துடிப்புகளை எண்ண மட்டுமே தெரியும்.

காலப்பிரமாணத்தை முதலில் பார்ப்போம். திரையில் ஒரு படம் வரைந்து முடியும்போதெல்லாம் படச் சிப்பிலிருந்து செயலிக்கு ஒரு சமிக்ஞை போகும். அடுத்த படம் தொடங்கும் முன் கிடைக்கும் சிறு இடைவெளியில்தான் செயலி தன் வேலைகளை ஒழுங்குபடுத்தும். இசை நிரலும் வழக்கமாக அந்தச் சமிக்ஞைக்கு ஒரு முறை, ஓர் அடி முன்னே நகரும். எனவே சுரத்தின் நீளத்தை நொடிக்கணக்கில் எழுதவில்லை, படக்கணக்கில் எழுதினார்கள். ஒரு தட்டுக்கு 24 படங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை வரைகிறது. 24 படங்களுக்கு 0.4 நொடி, அதாவது நிமிடத்துக்கு 150 தட்டுகள். ஐரோப்பாவில் நொடிக்கு 50 முறை. அதே 24 படங்களுக்கு 0.48 நொடி ஆகிறது, நிமிடத்துக்கு 125 தட்டுகளே கிடைக்கும். சுருதியின் கணக்கும் இதே போலத்தான். செயலியின் கடிகாரத் துடிப்பை ஓர் எண்ணால் வகுத்தால் வருவதே அலையின் அதிர்வெண். ஜப்பானியச் செயலி நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புகளில் ஓடியது. அதை 4,064ஆல் வகுத்தால் 440 ஹெர்ட்ஸ், இசைக்கருவிகளைச் சுருதி சேர்க்க உலகமெங்கும் பயன்படும் சுரம். ஐரோப்பியச் செயலியின் வேகம் 16.6 லட்சம். அதே எண்ணால் வகுத்தால் 409 ஹெர்ட்ஸ்தான் வரும். ஏறக்குறைய ஒன்றேகால் அரைச்சுரம் இறக்கம். குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எண்ணிப் பார்க்கத் தந்த துடிப்புதான் மாறியது.

அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது? வண்ணத் தொலைக்காட்சியின் அலைவரிசையிலிருந்து. ஜப்பான், அமெரிக்க முறையில் வண்ணத்தைச் சுமக்கும் அலை 3.58 மெகாஹெர்ட்ஸ். அதன் ஆறு மடங்கில் அதிரும் ஒரு படிகத்தைக் கருவியில் வைத்து, அதை 12ஆல் வகுத்துச் செயலிக்குக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் பரவலாக இருந்த முறையில் வண்ண அலை 4.43 மெகாஹெர்ட்ஸ். அதற்கும் ஆறு மடங்கில் ஒரு படிகம், ஆனால் வகுத்தது 16ஆல். படத்தின் நிறம் சரியாக வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாட்டில் சுருதியும் சேர்ந்து மாறிவிட்டது. 50, 60 என்ற எண்களுக்கும் மின்சாரத்துக்கும் உறவு உண்டு. மின்கம்பியின் அதிர்வு திரையில் பட்டையாக ஊர்ந்து தெரியாமலிருக்க, தொடக்ககாலத் தொலைக்காட்சியைத் திட்டமிட்டவர்கள் படவேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பொருத்தினார்கள். அப்படியானால் மின்சாரம்தான் காரணமோ என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு ஜப்பானே சாட்சி. அங்கே டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதிக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதிக்கு 60. ஆனால் தொலைக்காட்சி முறை நாடு முழுவதற்கும் ஒன்றே. அதனால் இரண்டு ஊர்களிலும் ஃபேமிகாம் ஒரே மாதிரிதான் பாடியது. மின்சாரம் வரலாற்றுக் காரணம். கருவிக்குத் தாளம் போட்டது தொலைக்காட்சி.

ஒரே கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்றால், மற்றக் கருவிகள் இதை ஓர் ஆய்வுக்கூடச் சோதனைபோலவே உறுதிப்படுத்துகின்றன. ஃபேமிகாமின் நகல்களை முதலில் எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரில் விற்ற பெட்டிகளின் வகைக்குத் தைவானில் செய்த சிப்புகள், 50 ஹெர்ட்ஸ் படத்தை வைத்துக்கொண்டே ஐரோப்பியப் படிகத்தின் வேகத்தை 16க்குப் பதில் 15ஆல் வகுத்தன. அதனால் 440 ஹெர்ட்ஸ் 436 ஆக மட்டுமே இறங்கியது; சுருதி ஏறக்குறைய தப்பியது, வேகம் மட்டும் குறைந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் தொலைக்காட்சி 50 ஹெர்ட்ஸ் முறைதான். 1990களில் நம் வீடுகளில் ‘டிவி கேம்’ என்று புழங்கிய பெட்டிகளில் பலவும் ஃபேமிகாமின் நகல்களே. எனவே இந்தக் கணக்கு நமக்கும் அந்நியமில்லை. செகாவின் மெகா டிரைவில் ஐரோப்பியக் கடிகாரம் ஜப்பானியக் கடிகாரத்தைவிட ஒரு சதவீதம்கூடத் தாழவில்லை. அதனால் 1991இல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் ஐரோப்பாவில் சுருதி பிசகாமல் மெதுவாக மட்டும் ஓடியது. சூப்பர் நின்டெண்டோவில் இரண்டுமே பெரும்பாலும் பிசகவில்லை. சோனி நிறுவனத்தில் கென் குத்தராகி வடிவமைத்த அதன் ஒலிப் பகுதிக்குத் தனிச் செயலி, 64 கிலோபைட் தனி நினைவகம், தொலைக்காட்சியோடு தொடர்பில்லாத தனிக் கடிகாரம் எல்லாம் இருந்தன. திரை நொடிக்கு 50 முறை வரைந்தாலும், தன் சொந்தக் கடிகாரத்தை எண்ணிய இசை அதைச் சட்டை செய்யவில்லை. சந்தை அதே ஐரோப்பா, தொலைக்காட்சியும் அதேதான். கடிகாரத்தைக் கடன் வாங்கிய அளவுக்குத்தான் பாட்டும் மாறியிருக்கிறது.

சரி, 60 ஹெர்ட்ஸில் ஒலிப்பதே சரியானது, 50 ஹெர்ட்ஸ் என்பது பழுது என்று முடித்துவிடலாமா? ரசிகர்கள் பலரின் கருத்து இதுதான். ஜப்பானிய விளையாட்டுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தவும் செய்யும். ஆனால் கொமோடோர் 64 கணினியின் கதை நேர் எதிரானது. அதற்கு இசையமைத்தவர்களில் மிகவும் போற்றப்படும் ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்கள் பிரிட்டனில் 50 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து எழுதியவர்கள். அவர்கள் இசையை அமெரிக்கக் கணினியில் அப்படியே ஓடவிட்டால், படக்கணக்கில் எழுதிய தாளம் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிப் பறக்கும், கடிகாரம் 0.985 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.023க்கு ஏறுவதால் சுருதியும் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உயரும். இங்கே மூலம் 50, திரிபு 60. ஆகவே எந்த எண்ணும் தன்னளவில் சரியுமல்ல, தவறுமல்ல. எந்தக் கடிகாரத்துக்காக ஒரு பாட்டை எழுதினார்கள் என்பதை ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அரைகுறை வேலை என்ற குற்றச்சாட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. திருத்த முடியாத சிக்கல் அல்ல இது. 50 ஹெர்ட்ஸ் கருவியில் ஐந்து படங்களுக்கு ஒரு தரம் இசை நிரலை இரண்டு அடி நகர்த்தினால், நொடிக்கு 60 அடி கணக்குச் சரியாகிவிடும். 1992இல் வந்த இரண்டாவது சோனிக் விளையாட்டில் இப்படித்தான் செய்தார்கள். ஐரோப்பாவிலும் அதன் இசை உரிய வேகத்தில் ஒலித்தது. சுருதியைத் திருத்த, வகுக்கும் எண்களின் பட்டியலை மாற்றினால் போதும். இதைச் செய்யாமல் விட்டவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டலாம்தான். ஆனால் இசைக்கு நேரம் சொந்தமாக இருந்திருந்தால் அந்தச் சோம்பலால் ஒரு பாதிப்பும் வந்திருக்காது. சூப்பர் நின்டெண்டோவில் எதையும் தொடாமல் விட்டபோதும் பெரும்பாலான பாட்டுகள் பிழைத்ததே இதற்குச் சான்று.

கடன் வாங்கியது நேரத்தை மட்டுமல்ல, கம்பியையும்தான். ஃபேமிகாமின் கார்ட்ரிட்ஜுக்கு 60 முனைகள். அவற்றில் இரண்டு ஒலிக்கானவை: கருவியின் ஒலி ஒன்றின் வழியாகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய், மற்றொன்றின் வழியாகத் திரும்பி வரும். இடையில் கார்ட்ரிட்ஜில் உள்ள ஒரு சிப் தன் குரலையும் சேர்த்துவிடலாம். கொனாமி நிறுவனம் 1989இல் வெளியிட்ட மூன்றாவது காசில்வேனியா விளையாட்டில் இந்த வழியாக இரண்டு துடிப்பு அலைகளும், ரம்பப் பல் போன்ற ஓர் அலையும் கூடுதலாக வந்தன. ஐந்து குரல் எட்டானது. என்இஎஸ் கருவியில் முனைகளை 72 ஆகக் கூட்டினார்கள். ஆனால் அந்த இரண்டு ஒலி முனைகள் இல்லை. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போன அதே விளையாட்டில் வேறு சிப் வைத்து, இசையை ஐந்து குரலுக்குள் சுருக்கி எழுத வேண்டியதாயிற்று. 1986இல் ஜப்பானில் வட்டு வடிவில் வந்த செல்டாவுக்கும் இதே கதி. வட்டு இயக்கியோடு வந்த கூடுதல் ஒலித் தடம், கார்ட்ரிட்ஜாக வெளிநாடு போனபோது உதிர்ந்தது. செகாவும் இதற்கு விலக்கல்ல. 1987இல் ஜப்பானில் விற்ற மாஸ்டர் சிஸ்டத்தில் யமஹாவின் ஒன்பது தட எஃப்எம் சிப் உள்ளேயே இருந்தது. மேற்கு நாடுகளில் விற்றதில் அது இல்லை. ஆனாலும் அங்கே விற்ற கார்ட்ரிட்ஜுகள் பலவற்றில் அந்தச் சிப்புக்கான இசைக்குறிப்பு நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது. ரசனைக்காக மாற்றியிருந்தால் அதை விட்டுவைத்திருக்க மாட்டார்கள். பாட்டு போய்ச் சேர்ந்தது. பாடும் தொண்டை மட்டும் போகவில்லை.

ரசனைக்காக மாற்றியதே இல்லையா? உண்டு. அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 1993இல் வந்த சோனிக் சிடி. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் நவோஃபூமி ஹத்தாயா, மசாஃபூமி ஒகாத்தா ஆகியோரின் இசை. அமெரிக்காவில் ஸ்பென்சர் நில்சன் தலைமையில் புதிதாகச் செய்த இசை. இது முழுக்க வணிக முடிவுதான். ஆனால் இந்த விளையாட்டு குறுந்தட்டில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். குறுந்தட்டில் இருப்பது ஒலிப்பதிவு. அதைப் படிக்கும் கருவிக்குத் தனிக் கடிகாரம் உண்டு, எந்தத் தொலைக்காட்சியோடு இணைத்தாலும் வேகம் மாறாது. கருவியால் வந்த வேறுபாடு மறைந்த இடத்தில்தான் மனிதர்கள் வேண்டுமென்றே செய்த வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இன்னொரு விவரமும் உண்டு. அந்த விளையாட்டில் கடந்த காலத்தில் நடக்கும் கட்டங்களின் இசை மட்டும் பதிவாக இல்லாமல் சிப் வாசிக்கும் குறிப்பாக இருந்தது. அமெரிக்கப் பதிப்பிலும் அதை மாற்றவில்லை. பழைய ஜப்பானிய இசையே நின்றது. தட்டில் இருந்த பதிவை மாற்றினார்கள், நிரலுக்குள் இருந்த குறிப்பைத் தொடவில்லை.

இதெல்லாம் பழங்கதை, இன்று கணினியில் பாவனைக் கருவியை ஓட்டினால் எந்தப் பாட்டையும் கேட்கலாமே என்று தோன்றலாம். கேட்கலாம்; ஆனால் அந்த நிரலும் ஒலிக்கத் தொடங்கும் முன் 50ஆ 60ஆ என்று தீர்மானித்தே ஆக வேண்டும். ஃபேமிகாம் இசையைச் சேமிக்க ஆர்வலர்கள் உருவாக்கிய என்எஸ்எஃப் என்ற கோப்பு வடிவத்தைப் பார்த்தால் இது விளங்கும். அதன் தலைப்பகுதியில் பாட்டின் பெயரோடு, 60 ஹெர்ட்ஸ் வேகம், 50 ஹெர்ட்ஸ் வேகம், எந்த முறைக்கானது, கார்ட்ரிட்ஜில் எந்தக் கூடுதல் சிப் இருந்தது என்பவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். குறிப்பை மட்டும் காப்பாற்றினால் பாட்டைக் காப்பாற்றியதாகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெறும் ஒலிப்பதிவாகச் சேமித்தால் ஒரு கருவியின் ஒரு வாசிப்பு மட்டுமே மிஞ்சும். வெறும் நிரலாகச் சேமித்தால் எந்த வாசிப்பும் மிஞ்சாது. பழைய விளையாட்டுகளைக் கலைப்பொருளாக மதித்துத் திரட்டும் அருங்காட்சியகங்களும் நூலகங்களும் கார்ட்ரிட்ஜின் உள்ளடக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எந்தக் கடிகாரத்துக்காக எழுதப்பட்டது, எந்தக் கம்பியை நம்பியது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்த இரண்டு விவரங்கள் இல்லாத சேகரிப்பில் சுரங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். அவற்றை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் அடுத்த தலைமுறை ஊகிக்க வேண்டியிருக்கும்.