மௌனப் பட முகங்கள் – 9: வாயில்காவலர் மேல் விழுந்த வெளிச்சம்

எஃப். டபிள்யூ. முர்னாவ் 1924-ல் ஜெர்மனியில் எடுத்த ‘கடைசி மனிதன்’ படத்தில், கதையின் போக்கில் குறுக்கிடும் எழுத்து அட்டை ஒன்றே ஒன்றுதான். அதுவும் முடிவை நெருங்கும்போது வருகிறது. நாயகருக்குப் பெயரே இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் வாயில்காவலர், அவ்வளவுதான். வயதாகிவிட்டது என்று அவரைக் கழிப்பறைப் பணிக்கு இறக்கிவிடுகிறார்கள். வசனமும் பெயரும் இல்லாத இந்த மனிதரை நமக்கு அறிமுகம் செய்வது எது? எமில் யானிங்ஸின் நடிப்பு என்பதே வழக்கமான பதில். ஆனால் ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராயுண்டின் வெளிச்சத்துக்கு அதில் பாதிக்கு மேல் பங்குண்டு என்பது என் வாதம்.

தொடக்கக் காட்சியைப் பாருங்கள். கேமரா லிஃப்ட்டில் இறங்கி, கூடத்தைக் கடந்து, சுழல்கதவை நோக்கிப் போகிறது. வெளியே மழை. அந்தக் கண்ணாடிக்கு அப்பால் அவர் பெரிய குடையோடு நிற்கிறார். நனைந்த மழைக்கோட்டும் நனைந்த சாலையும் விளக்குகளை வாங்கி மின்னுகின்றன. சுற்றிலும் இரவு இருப்பதால் அந்தப் பருத்த உருவம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு துளிகூட அவருக்குச் சொந்தமானதல்ல. தெருவிளக்கு, கார் விளக்கு, கண்ணாடிக் கதவு எல்லாமே தெருவையோ ஹோட்டலையோ சேர்ந்தவை. இரவல் ஒளியைத் தன் பெருமை என்று நம்பி நிற்கும் ஒருவரின் குணத்தை, கதை தொடங்கும் முன்பே அந்தச் சட்டகம் சொல்லிவிடுகிறது. பிறகு பதவி பறிபோகும்போது, வாயில்காவலர் சீருடைக்காக அவர் ஏன் அத்தனை துடிக்கிறார் என்பதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

யானிங்ஸின் முதுகு வளைவதுதான் வீழ்ச்சியைக் காட்டுகிறது, ஒளி வெறும் துணை என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த உடல்மொழி அபாரமானது. அங்கங்கே அளவு மீறவும் செய்கிறது. ஆனால் மேலாளர் அவரைப் பணியிறக்கம் செய்யும் இடத்தை முர்னாவ் கண்ணாடிக் கதவுக்கு இப்பால் நின்று பார்க்கவைக்கிறார். நடிகரின் முகத்தை நம்பிய இயக்குநருக்கு அந்தத் தடுப்பு எதற்கு? இத்தனை காலம் கண்ணாடிக்கு முன் ஒளிர்ந்தவர் இப்போது அதற்குள் அடைபட்டிருக்கிறார். முதுகு இதைச் சொல்லாது, சட்டகம்தான் சொல்லும்.

கீழிருந்து எடுத்தால் கம்பீரம், மேலிருந்து எடுத்தால் தாழ்வு என்ற வாய்ப்பாடுதானே இது என்றும் கேட்கலாம். அந்த வாய்ப்பாடு ஹோட்டலின் இரவுக் காவலாளி வரும் காட்சியில் உதவாமல் போகிறது. பறிபோன சீருடையைத் திருடிச் சென்று, பிறகு அதைத் திருப்பி வைக்க வந்த கிழவரை இருட்டில் கண்டுபிடிப்பது காவலாளியின் கைவிளக்கு. முதலில் அது குற்றவாளியைத் தேடும் ஒளிதான். கண்டபின் காவலாளி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. கழிப்பறையில் ஒடுங்கிக் கிடப்பவரின் தோள்மேல் தன் கோட்டைப் போர்த்துகிறார். படத்தில் வேறு யாருமே அவரைச் சீருடையைத் தாண்டி மனிதராகப் பார்த்ததில்லை. ஹோட்டலின் அத்தனை விளக்குகளும் காட்டியது உடையை. இந்தச் சிறு விளக்கு காட்டியது ஆளை. காவலாளியின் இயல்பும் இங்கேதான் நமக்குப் பிடிபடுகிறது, கேமராவின் உயரத்தால் அல்ல, விளக்கு யார் கையில் இருக்கிறது, அதைக் கொண்டு அவர் என்ன செய்கிறார் என்பதால். இதை அடுத்து வரும் திடீர்ச் செல்வ முடிவு ஒட்டவைத்தது போலிருக்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனாலும் பணம் கைக்கு வந்ததும் ஹோட்டலின் விருந்து மேசையில் கிழவர் தன்னோடு உட்காரவைப்பது அந்தக் காவலாளியைத்தான்.