குண்டு சிறுத்தது, விரைவு பெருகியது

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைத்துப்பாக்கிகளில் நெடுங்காலம் கருமருந்தே பயன்பட்டது. அது எரியும்போது பாதிக்கும் மேற்பட்ட பகுதி புகையாகவும் கசடாகவும் எஞ்சியது. அப்புகை, வீரன் மறைந்திருந்த இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுத்தது. 1884இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் வியெய் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அது ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறியதால் உந்துவிசை மிகுந்தது. எனவே, அந்நாட்டுப் படையின் 11 மில்லிமீட்டர் குண்டு, 1886ஆம் ஆண்டின் லெபல் துப்பாக்கியில் 8 மில்லிமீட்டராகச் சிறுத்தது, விரைவோ பெருகியது. மென்மையான ஈயம் அவ்விரைவில் சிதையாதிருக்க, அதன்மேல் கடினமான உலோக உறை போர்த்தப்பட்டது.

எனினும், கொல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், உடலுக்குள் விரியுமாறு முனையுறை நீக்கப்பட்ட குண்டுகள் உருவாயின. அவை விளைத்த கொடுங்காயங்கள் கண்டனத்திற்கு உள்ளாகவே, 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாட்டில் நாடுகள் பல அத்தகைய குண்டுகளை விலக்க உடன்பட்டன. ஆற்றலைப் பெருக்குவது அறிவியல்; அதற்கு எல்லை வகுப்பது அறம்.