திசைவியின் பழைய நினைவும் புதிய நிலைப்பொருளும்

முன்னுரை

இல்லந்தோறும் இணையம் புகுந்துவிட்ட காலம் இது. கூடத்தின் மூலையில் சிறு விளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் பெட்டியை ரவுட்டர் என வழங்குகிறோம். திசைவி என்பது அதற்கமைந்த கலைச்சொல். வெளியிலிருந்து வரும் ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கருவிகள் பலவற்றுக்கும் பகிர்ந்தளித்து, எச்செய்தி எங்குச் செல்ல வேண்டுமெனத் திசைகாட்டுவது அதன் பணி. இப்பணியைச் செய்விக்கும் பொருட்டு அதனுள்ளேயே நிலையாக உறையும் மென்பொருள் ஃபர்ம்வேர் எனப்படும். தமிழில் நிலைப்பொருள் என்பர். ஒரு நிலைப்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது திசைவியை மீளமைப்பது ஏன் இன்றியமையாததாகிறது, அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

மாற்று நிலைப்பொருளின் வரலாறு

திசைவியின் நிலைப்பொருளைப் பயனரே மாற்றும் வழக்கம் பரவியதற்கு 2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் கருவியே பெரிதும் காரணம் எனலாம். அதன் நிலைப்பொருள் லினக்ஸ் இயங்குதளத்தின் மீது அமைந்தது என்பதை ஆர்வலர் கண்டறிந்தனர். லினக்ஸைப் பயன்படுத்தி நிரலை வழங்குவோர் அதன் மூலநிரலையும் வழங்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதற்கிணங்க 2003இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதன் விளைவாக 2004இல் ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யும், 2005இல் டிடி-டபிள்யூ.ஆர்.டி.யும் தோன்றின. விலை குறைந்த வீட்டுக் கருவி, அலுவலகக் கருவிகளுக்குரிய வசதிகளைப் பெற்றது. ஆயின், மாறியவர் பலர் ஒரு சிக்கலையும் எதிர்கொண்டனர். புதிய நிலைப்பொருள் செம்மையாகப் பதிந்த பின்னரும் திசைவி முறையாக இயங்காமையே அச்சிக்கல்.

சிக்கலின் வேர்

திசைவியின் நினைவகத்தில் நிலைப்பொருள் ஓரிடத்திலும், நாம் தந்த அமைப்புகள் வேறோரிடத்திலும் உறைகின்றன. மேற்கூறிய கருவியில், அமைப்புகள் என்.வி.ராம் எனப்படும் சிறு பகுதியில், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பு என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். கம்பியில்லா வலையின் பெயர், கடவுச்சொல், துளைகளின் பகுப்பு ஆகியன அவற்றுட் சில. புதிய நிலைப்பொருளைப் பதிக்கும்போது நிரல் இருக்கும் இடம் மட்டுமே மாற்றி எழுதப்படுகிறது. அமைப்புகள் இருக்கும் இடம் தீண்டப்படுவதில்லை. மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அழிவதில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இதனை ஓர் எடுத்துக்காட்டால் எளிதில் விளக்கலாம். ஒருங்குறி பரவுவதற்கு முன், கணிப்பொறியில் தமிழ் எழுத்துருக்கள் பலவாறாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தன. 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு தரங்களை அறிவித்த பின்னரும் திஸ்கி முதலிய வேறு குறியீடுகள் வழக்கில் இருந்தன. ஒரு குறியீட்டில் தட்டச்சிட்ட கட்டுரையை மற்றொன்றுக்குரிய எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற எழுத்துக் குவியலே தோன்றும். கோப்பில் பிழையில்லை, எழுத்துருவிலும் பிழையில்லை. ஒன்றற்காக எழுதப்பட்டதை மற்றொன்று படிக்க முயல்வதே பிழை. பழைய அமைப்புகளைப் புதிய நிலைப்பொருள் படிக்கும் நிலையும் இத்தகையதே.

இதனால் விளைவன பல. கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறை மாறியிருப்பின், சரியான சொல்லைத் தந்தும் உள்ளே நுழைய இயலாது. துளைகளின் எண்முறை மாறியிருப்பின், இணைய இணைப்பு அறுபடும். சில வேளைகளில் திசைவி தொடங்கிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் தொடங்கும். நல்ல கருவியைப் பழுதென்று எறிந்துவிடவும் இஃது ஏதுவாகிறது.

பிற்கால ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி.யில் மூல அமைப்பு மாற்றவியலாத அடுக்காகவும், நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேற் போர்த்திய அடுக்காகவும் உள்ளன. மீளமைப்பு என்பது மேலடுக்கை நீக்குவதே. இருப்பினும் சிக்கல் முற்றும் ஒழியவில்லை. 2021இல் வெளிவந்த 21.02 பதிப்பில், கருவிகள் பலவற்றில் துளைகளை ஆளும் முறையே மாற்றப்பட்டது. அக்கருவிகளில் பழைய அமைப்புகளை விடுத்துப் புதிதாகத் தொடங்குமாறு அறிவுறுத்தப்பட்டது.

மீளமைக்கும் முறை

முதலாவதாக, இருக்கும் அமைப்புகளைத் தாளில் எழுதிக்கொள்ளல் வேண்டும். இணையம் வழங்குவோர் தந்த பயனர் பெயர், கடவுச்சொல், வலைப்பிரிவு எண் ஆகியன இன்றியமையாதவை. இவை அழிந்தபின் திசைவி நன்றாக இருந்தும் இணையம் வாராது. கருவி வழங்குவோருக்கே உரியதாயின், அவர்களைக் கேளாமல் மீளமைத்தல் தகாது.

இரண்டாவதாக, கருவியின் அடியில் பொறித்துள்ள மாதிரி எண்ணோடு வன்பொருட் பதிப்பையும் நோக்குதல் வேண்டும். மேற்கூறிய 54ஜி கருவியே 2005இல் ஐந்தாம் பதிப்பாக வந்தபோது நினைவகம் பாதியாகக் குறைக்கப்பட்டு, லினக்ஸும் கைவிடப்பட்டது. பெயர் ஒன்றாயினும் உள்ளுறை வேறு.

மூன்றாவதாக, கம்பிவழி இணைத்தே பதித்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்படலாகாது. பதிந்து, மறுபடி தொடங்கிச் சில நிமிடங்கள் கழிந்த பின்னரே மீளமைத்தல் வேண்டும். நிருவாகப் பக்கத்தில் உள்ள ஆணையாலோ, பின்புறத்துச் சிறு துளையினுள் இருக்கும் பொத்தானை அழுத்தியோ இதனைச் செய்யலாம்.

பழைய கருவிகளுக்கு 30-30-30 என்றொரு முறை கூறப்பட்டது. பொத்தானை அழுத்தியவாறே 30 நொடி. விடாமல் மின்னிணைப்பை நீக்கி 30 நொடி. மீண்டும் இணைத்து 30 நொடி. இஃது எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துவதன்று. பொத்தானை அழுத்தியவாறு மின்னூட்டினால் மீட்பு நிலைக்குச் செல்லும் கருவிகளும் உள. ஆகவே அவ்வக் கருவிக்குரிய முறையை அறிந்தே செய்தல் நன்று.

இறுதியாக, அமைப்புகளைக் கையாலேயே மீண்டும் உள்ளிடுதல் வேண்டும். பழைய நிலைப்பொருளில் எடுத்த காப்புக் கோப்பைப் புதியதில் ஏற்றினால், அழித்த சிக்கலை நாமே மீண்டும் அழைத்தவராவோம். ஒரே நிலைப்பொருளின் சிறு திருத்தங்களுக்கு மட்டும், வெளியீட்டுக் குறிப்பு இடந்தரின், மீளமைப்பைத் தவிர்க்கலாம்.

மீளமைத்த பின் வரும் இடர்

மீளமைப்பு பழைய அமைப்புகளை மட்டும் அழிப்பதன்று. நாம் இட்ட காவலையும் நீக்கிவிடுகிறது. தயாரிப்பாளர் இட்ட பொதுக் கடவுச்சொல் திரும்பவும் வந்தமர்கிறது. சிலவற்றில் கடவுச்சொல்லே இராது. 2016இல் உலகை அலைக்கழித்த மிராய் என்னும் தீநிரல், இத்தகைய பொதுக் கடவுச்சொற்கள் 60க்கும் மேற்பட்டவற்றை முயன்றே கண்காணிப்புக் கேமராக்களையும் திசைவிகளையும் கைப்பற்றியது. ஆதலின், புதிய கடவுச்சொல்லை அமைத்த பின்னரே வெளி இணைப்பைத் திசைவியில் செருகுதல் வேண்டும்.

முடிவுரை

திசைவியை மாற்றும் செலவின்றி, நிலைப்பொருளை மட்டும் மாற்றிப் பழைய கருவிக்குப் புத்துயிர் ஊட்டலாம். தயாரிப்பாளர் கைவிட்ட கருவியும், புதிய நிலைப்பொருள் கிடைக்குமாயின், பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற்று மேலும் பல்லாண்டு உழைக்கும். எழுதிக்கொள்ளல், பதித்தல், மீளமைத்தல், கையால் உள்ளிடுதல், கடவுச்சொல் மாற்றுதல் என்னும் ஐந்தையும் வரிசை பிறழாது செய்வார்க்கு ஒரு மாலைப்பொழுதே போதும். வரிசை பிறழ்ந்தால், பழுதற்ற கருவியும் பழுதாகத் தோன்றும் என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.