பயனற்ற கிணற்றுப் பம்பை அகற்றும் முறை

முகப்பேரில் வயல்கள் வீட்டு மனைகளான பின்னும் பழைய கிணறுகள் சில எஞ்சியுள்ளன. அவற்றுள், பல அடி ஆழத்தில், துருவேறிய பம்பும் கிடக்கக் காண்கிறோம்.

அதனை அவ்வளவு கீழே வைத்தது ஏன்? காற்றின் அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டர் உயரத்திற்கே தாங்கவல்லது. நடைமுறையில் பம்பு உறிஞ்சுவது சுமார் 7 மீட்டரே. ஆகவே நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்பையும் கிணற்றுக்குள் இறக்கினர். ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் அது பயனற்றதாயிற்று.

அதை எடுக்க எவரும் உடனே கிணற்றில் இறங்கலாகாது. மூடிக்கிடந்த கிணற்றில் பிராணவாயு குறைந்து, கரியமிலவாயு தங்கியிருக்கக்கூடும். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றச் சென்றவரும் மாள்வதே இத்தகைய விபத்துகளில் நாம் காணும் துயரம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறையை நம்பலாகாது. எரிவாயு இருப்பின் தீப்பற்றும். காற்றை அளக்கும் கருவியும் மீட்புக் கயிறும் உடைய தொழிலாளரையே அமர்த்துக. அண்டை வீட்டார் நால்வர் கூடினால் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

முதலில் மின்சாரத்தை மெயினில் நிறுத்திப் பியூசைக் கழற்றுக. புட்வால்வு நீரைத் தேக்கியிருந்தால் குழாய் கனக்கும். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 2 லிட்டர் நிற்கும். பம்பைச் சங்கிலிக் கப்பியில் தாங்கிய பின்னரே போல்ட்டுகளைத் தளர்த்துக.

பின்னர்க் கிணற்றைக் குப்பையால் தூர்க்க வேண்டா. 2003ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரைநீரை ஜல்லி, மணல் வழியே வடித்து அதனுள் விடுவோம். கிணற்று வாய்க்கு இரும்புக் கம்பிவலை இன்றியமையாதது. பழைய பம்பின் இரும்பு விலை அதற்கு உதவும்.