சபைக்குள் வந்த கட்சிக்கொடி

1976 அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஜிம்மி கார்ட்டர், தான் ‘மறுபடியும் பிறந்த’ கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். வாஷிங்டன் பத்திரிகையாளர்கள் பலருக்கு அந்தச் சொல்லே புதிது. ஜார்ஜியா மாநிலத்தின் பிளெயின்ஸ் என்ற சிற்றூரில் நிலக்கடலை விவசாயம் பார்த்தவர், தென்மாநில பாப்டிஸ்ட் சபையில் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். இந்த ‘மறுபிறப்பு’ அனுபவத்தை வலியுறுத்தும் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் ‘நம்ம ஆள்’ என்று அவருக்கு வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை.

நான்கே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. 1980-ல் வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரீகன் பக்கம் போனார்கள். ரீகன் ஹாலிவுட் நடிகர், விவாகரத்தாகி மறுமணம் செய்தவர். கலிஃபோர்னியா ஆளுநராக இருந்தபோது, 1967-ல், கருக்கலைப்பை எளிதாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. விலைவாசி உயர்வும் ஈரான் பணயக்கைதிகள் விவகாரமும் கார்ட்டரைச் சாய்த்தன என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தேர்தலில் சபைக்கும் கட்சிக்கும் இடையே போடப்பட்ட முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

அந்த முடிச்சைப் போட்டது கருக்கலைப்புப் பிரச்சினை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆவணங்கள் வேறு கதை சொல்கின்றன. 1971-ல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய தென்மாநில பாப்டிஸ்ட் பேரவை, பாலியல் வன்கொடுமை, கருவின் கடும் குறைபாடு, தாயின் உடல்நலம் மற்றும் மனநலத்துக்கு ஆபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்று தீர்மானமே போட்டது. 1973-ல் உச்ச நீதிமன்றம் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் கருக்கலைப்பு உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தபோது வீதிக்கு வந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் கத்தோலிக்கர்கள். பாப்டிஸ்ட் தலைவர்கள் பலர் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை.

வரலாற்றாசிரியர் ரேண்டல் பால்மர் காட்டும் காரணம் வரிச்சலுகை. கறுப்பின மாணவர்களை ஒதுக்கிவைத்த கிறிஸ்தவப் பள்ளி, கல்லூரிகளின் வரிவிலக்கை எழுபதுகளில் அரசு பறிக்கத் தொடங்கியது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய், 1983-ல் தோற்றது. சபைத் தலைவர்களை அரசியல் செயற்பாட்டாளர் பால் வைரிக்கால் ஒன்றுதிரட்ட முடிந்தது இந்தக் கோபத்தை வைத்துத்தான் என்கிறார் பால்மர். அது மட்டுமே காரணமா என்பதில் மற்ற ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் கருக்கலைப்பு எதிர்ப்பு பிற்பாடு வந்து சேர்ந்த கொடி என்பதை 1971 தீர்மானமே காட்டிக்கொடுக்கிறது.

1979-ல் வர்ஜீனியாவின் தொலைக்காட்சிப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில் டல்லாஸ் நகரின் ரீயூனியன் அரங்கில் ஆயிரக்கணக்கான போதகர்களும் சபையாரும் கூடியிருந்தார்கள். மேடையேறிய ரீகன், நீங்கள் என்னை ஆதரிப்பதாக அறிவிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். அரங்கம் அதிர்ந்தது. வரிவிலக்கு பெறும் தேவாலயங்கள் வேட்பாளர்களை ஆதரிக்கக் கூடாது என்ற 1954-ஆம் ஆண்டு சட்டத்திருத்தத்தை மீறாமலேயே காரியம் முடிந்துவிட்டது.

அதற்கு முன்பு, வாரந்தோறும் ஆலயம் போகிறவர்கள் இரண்டு கட்சியிலும் நிறைய இருந்தார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு கட்சிக்காரர்களும் உட்கார்ந்து ஜெபித்தார்கள். இன்று வெள்ளை எவாஞ்சலிக்கல்களில் பத்துக்கு எட்டுப் பேர் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். கறுப்பின புராட்டஸ்டன்டுகளில் அதே அளவோ அதற்கு மேலோ ஜனநாயகக் கட்சிக்குப் போகிறது. இருவர் கையிலும் இருப்பது ஒரே வேதாகமம்.

ஜார்ஜியாவில் 2022-ல் நடந்த செனட் தேர்தல் இதைப் பளிச்சென்று காட்டியது. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ரஃபேல் வார்னாக், அட்லாண்டாவில் மார்ட்டின் லூதர் கிங் ஊழியம் செய்த எபெனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தின் போதகர். எதிரே குடியரசுக் கட்சி சார்பில் நின்றவர் அமெரிக்கக் கால்பந்தாட்ட நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கர். ஒருவர் ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் நிற்கும் பாப்டிஸ்ட் போதகர். அப்படியிருந்தும் வெள்ளை எவாஞ்சலிக்கல்களின் வாக்கு மிகப்பெரும்பாலும் வாக்கருக்கே விழுந்தது. மறுசுற்றில்தான் வார்னாக் கரையேறினார். அங்கே வாக்கைத் தீர்மானித்தது விசுவாசம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு புள்ளிவிவரம் மனதை உறுத்துகிறது. தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப்பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா என்று பிஆர்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் 2011-ல் கேட்டது. முடியும் என்ற வெள்ளை எவாஞ்சலிக்கல்கள் 30 சதவீதம். டொனால்டு டிரம்ப் வேட்பாளரான 2016-ல் அதே கேள்விக்கு முடியும் என்றவர்கள் 72 சதவீதம். ஐந்தே ஆண்டுகள். இடையில் வேதாகமத்தில் ஒரு வசனமும் மாறவில்லை, வேட்பாளர்தான் மாறினார். 1998-ல், அதிபர் பில் கிளின்டனின் தகாத உறவு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்தபோது, தலைவர்களுக்கு ஒழுக்கம் அவசியம் என்று தீர்மானம் போட்டதும் இதே தென்மாநில பாப்டிஸ்ட் பேரவைதான்.

அந்தத் தீர்மானத்தை மறக்காத சிலர் விலை கொடுத்தார்கள். பேரவையின் பொதுக்கொள்கைப் பிரிவுத் தலைவராக இருந்த ரஸ்ஸல் மூர், டிரம்பை வெளிப்படையாக விமர்சித்ததால் வசவு வாங்கி, 2021-ல் வெளியேறினார். போதகர்கள் பலர் தன்னிடம் சொன்ன ஒரு வேதனையை அவர் பின்னர் ஒரு பேட்டியில் பகிர்ந்துகொண்டார். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டு என்ற மலைப்பிரசங்க வசனத்தைப் பிரசங்கத்தில் சொன்னால், இந்த லிபரல் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று சபையார் கேட்கிறார்களாம். இயேசு சொன்னது என்று விளக்கினாலும், அதெல்லாம் இந்தக் காலத்துக்கு ஆகாது என்று பதில் வருகிறதாம்.

ஜனநாயகக் கட்சியும் கைகழுவிக்கொள்ள முடியாது. சிறுநகர மக்கள் விரக்தியில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று பராக் ஒபாமா 2008-ல் ஒரு நிதிதிரட்டும் கூட்டத்தில் பேசியது, பக்தியுள்ள எத்தனையோ பேரின் மனதில் முள்ளாகத் தைத்தது. கட்சியின் படித்த நகரவாசிகளிடம் பக்தியைப் பற்றி ஒருவித ஏளனம் உண்டு. அதை எதிர்முகாம் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது.

இழப்பு சபைகளுக்குத்தான். மதம் எதுவும் இல்லை என்று சொல்லும் அமெரிக்கர்கள் 2007-ல் 16 சதவீதமாக இருந்து இப்போது 29 சதவீதமாகிவிட்டதாக பியூ ஆய்வு மையம் கணக்கிடுகிறது. இவர்கள் எல்லோரும் கடவுளை மறுத்தவர்கள் அல்லர். மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற இரு சமூகவியலாளர்கள் 2002-லேயே ஒன்றைக் கண்டறிந்தார்கள்: மதம் என்றாலே வலதுசாரி அரசியல் என்றாகிவிட்டதால், மிதவாதிகளும் இடதுசாரிகளும் மதத்தோடு தங்களை அடையாளப்படுத்திக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். அரசியல் ஆய்வாளர் மிஷெல் மார்கோலிஸ் இன்னும் ஒருபடி போகிறார். இளவயதில் ஆலயத்தைவிட்டு விலகுகிறவர்கள் கல்யாணமாகிப் பிள்ளைகுட்டி வந்ததும் திரும்புவது வழக்கம். இப்போது அப்படித் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சிக்காரர்கள். கட்சியைப் பார்த்து மதத்தைத் தேர்ந்தெடுக்கும் நிலை வந்துவிட்டது.

இந்நிலையில் 2025 ஜூலையில் அமெரிக்க வரித்துறை டெக்சாஸ் நீதிமன்றத்தில் புதிய நிலைப்பாடு ஒன்றை எடுத்தது. வழிபாட்டின்போது சபையாரிடம் ஒரு வேட்பாளரை ஆதரித்துப் பேசுவது 1954 தடையின்கீழ் வராது என்றது. வரிவிலக்குப் போய்விடுமோ என்ற பயமே அதுவரை பல பீடங்களில் கட்சிப்பேச்சைத் தடுத்துவந்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை உடனடியாக, தாங்கள் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கப்போவதுமில்லை, எதிர்க்கப்போவதுமில்லை என்று அறிவித்தது. மற்ற சபைகளும் இதே வழியில் நிற்க வேண்டும். பீடத்தில் ஒரு கட்சியின் பெயர் ஒலித்துவிட்டால், மறு கட்சிக்காரர் அடுத்த ஞாயிறு அந்த ஆலயத்துக்கு வரமாட்டார்.